அம்மன் வளைவில் அணைத்த இஞ்சின்

நான் ஓட்டிய லாரிக்கு ஏற்றத்தில் ஒரு விசில் உண்டு. வத்தலக்குண்டை விட்டு, தோப்புகள் முடிந்து, மலை ரோடு தொடங்கி, கியரைக் குறைத்ததும் அது கேட்க ஆரம்பிக்கும். இஞ்சின் உறுமலுக்கு மேலே பென்சிலால் கோடு இழுத்த மாதிரி மெல்லிசாக வரும். மிதியை அழுத்த அழுத்த மேலே போகும். காலை எடுத்தால் பெருமூச்சு விட்டு இறங்கும். மேகம் ரோட்டில் படுத்துக் கிடக்கும் நாட்களில் முன்கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இருக்காது. சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக அந்த வெள்ளைக்குள்ளிருந்து வந்து, என்னைப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளேயே போய்விடும். அப்போது நான் லாரியை ஓட்டுகிறேனா, விசில் என்னைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறதா என்று சொல்ல முடியாது. எத்தனை வளைவு தாண்டினோம் என்பது மறந்துபோகும்.

இது இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள். அதற்கு முன்னால் போர்வெல் போடும் வண்டியோடு ஆந்திரா வரை போயிருந்தேன். கேரளாவில் பரோட்டா அடித்தேன். ஒரு கோடை முழுக்க செங்கல் சூளையில் இருந்தேன், அங்கே கால் வெந்து ஒரு மாதம் படுத்தேன். படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. எந்த ஊரிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. சண்டை ஒன்றும் இருக்காது. ஒரு நாள் காலையில் எழுந்தால் கால் தானாக பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கும். இந்த லாரியில் ஏறிய பிறகு அதன் கேபின்தான் வீடு. சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில் படுப்பேன். துணி, சோப்பு, கம்பளி எல்லாம் அங்கேயே கிடக்கும். அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

லாரியின் முதலாளி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு இங்கே அனுப்பப்பட்டவர். கொடைக்கானலைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கூலி வேலை பார்த்து, பிறகு காய்கறி வாங்கி விற்று, கடைசியாக இந்தப் பழைய லாரியைப் பிடித்தார். மேலேயிருந்து காரட்டும் கோஸும் உருளைக்கிழங்கும் இறங்கும். கீழேயிருந்து அரிசி, பருப்பு, சிமெண்ட், உரம் ஏறும். லாரியை அவர் 'லொறி' என்றுதான் சொல்வார். அதை யாராவது கேலி செய்தால், "நீங்க சொல்றதும் நான் சொல்றதும் ஒரே டீசலத்தான குடிக்குது" என்பார்.

விசில் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு முதல் எட்டு மாதம் தெரியாது. டர்போ என்று ஒன்று இருக்கிறது, அது இருந்தால் வண்டி நன்றாக இழுக்கும், அவ்வளவுதான் தெரியும். அது செத்த பிறகுதான் அதன் உள்ளே பார்த்தேன்.

அன்று சிமெண்ட் மூட்டைகளோடு ஏறிக்கொண்டிருந்தேன். ஊத்து என்ற ஊரைத் தாண்டியதும் விசில் கிறீச்சென்று ஒரு முறை கத்திவிட்டு நின்றது. வண்டி சோர்ந்துபோனது. முதல் கியரில்கூட இழுக்கத் திணறியது. பக்கக் கண்ணாடியில் பார்த்தால் நான் வந்த ரோடு முழுக்க நீலமாக இருந்தது. மரங்களும் பள்ளத்தாக்கும் அந்த நீலத்துக்குள் மிதந்தன. அழகாக இருந்தது என்று சொன்னால் அடிப்பார்கள். ஆனால் அப்படித்தான் இருந்தது. எண்ணெய் எரிந்த இனிப்பு வாசனை அடித்தது.

வத்தலக்குண்டில் ஒரு பாய் டீசல் வண்டி பழுது பார்ப்பார். என் வயதுதான். அவர் அதைக் கழற்றி, சாக்கு விரித்து அதன்மேல் வைத்தார். இரண்டு இரும்பு நத்தைகளை முதுகோடு முதுகு ஒட்டவைத்த மாதிரி இருந்தது. ஒரு நத்தைக்குள் இஞ்சினின் சூடான புகை நுழைந்து, ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியே போகிறது. அந்தச் சக்கரத்தின் தண்டு அடுத்த நத்தைக்குள் நீண்டு, அங்கே இன்னொரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அது வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, இஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் போனால் டீசல் நன்றாக எரியும்; வண்டி இழுக்கும். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும், மலையேறும் மனிதனுக்கே மூச்சு வாங்கும். அந்த இடத்தில் இது லாரிக்கு மூச்சு ஊதுகிறது. வேண்டாம் என்று வெளியே விடும் புகைதான் அந்த வேலையைச் செய்கிறது.

தண்டு என் சுண்டுவிரல் பருமன்தான் இருந்தது. இரண்டாக உடைந்திருந்தது.

"இது நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்து சுத்தும்" என்றார் பாய்.

"சும்மா அடிச்சு விடாத பாய்."

"நீ வேணா எண்ணிக்க. பால்ரஸ் குண்டு கெடையாது இதுக்கு. இஞ்சின்ல இருந்து வர்ற எண்ணெயில மெதக்குது. இரும்ப இரும்பு தொடாது. தொட்டுச்சு, முடிஞ்சது."

பல நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னவனூரில் காரட் கழுவி மூட்டை கட்டும்வரை கேபினில் படுத்திருப்பேன். வெயிலும் மேகமும் மாறி மாறி ஜன்னலில் வரும். கண்ணை மூடினால் ஒரு தண்டு, எதையும் தொடாமல், முடியைவிட மெல்லிய எண்ணெயில் மிதந்துகொண்டு, லட்சம் தடவை சுற்றும். தூங்கிப்போவேன்.

முதலாளிக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை; புது டர்போவுக்குப் பணம் எண்ணிக் கொடுத்தவர் அவர். "லொறிய ஓட்டச் சொன்னா எரிச்சுப் போட்டிருக்க" என்றார். நான் மிதித்து முறுக்கி ஓட்டியதால்தான் போனது என்பது அவர் முடிவு. "இன்னொருக்கா டர்போ போச்சுன்னா நீ எறங்கிக்க தம்பி. கோவிச்சுக்காத. நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

எத்தனையோ இடத்தில் என்னை இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். சொல்வதற்கு முன்னால் நானே இறங்கியதுதான் அதிகம். இந்த முறை மட்டும் அது லேசாக இல்லை. இந்த சீட்டை விட எனக்கு மனமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அதன் பிறகு லாரியைக் குழந்தையைப் போல வைத்துக்கொண்டேன். காற்று வடிகட்டியை வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்தேன். ரப்பர் குழாய்களில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். கீறல் வழியாகத் தூசி போனால் அந்தச் சக்கரத்தின் தகடுகளை அரித்துவிடும் என்று பாய் சொல்லியிருந்தார். எண்ணெயை நாள் வருமுன்பே மாற்றினேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மிதிக்காமல் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடுவேன், எண்ணெய் மேலே வந்து சேரட்டும் என்று.

இவ்வளவும் செய்து, அடுத்த மழைக்காலம் முடியும்போது விசில் மாறியது. கோடு கலைந்தது. உள்ளே யாரோ நகத்தால் தகரத்தைக் கீறும் சத்தம் சேர்ந்து வந்தது. இரண்டு நடை அதைக் கேட்காதவன் மாதிரி ஓட்டினேன். மூன்றாவது நடையில் நேராகப் பாயிடம் போனேன்.

"என்ன மாப்ள, லாரிய ஓட்டுறியா, குக்கர ஓட்டுறியா? நீ வர்றது மலைய விட்டு எறங்கும்போதே கேட்டுச்சு. ஒனக்கும் சேத்து டீ சொல்லிட்டேன்."

"கிண்டல் பண்ணாத பாய். என்னான்னு பாரு, வெரசா."

அவர் காற்றுக் குழாயைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டு, சக்கரத்தின் நுனியைப் பிடித்து அசைத்தார்.

"ஆடுது."

"எம்புட்டு?"

"விழப்போற பல்லு மாதிரி. ஆனா இன்னும் செவத்துல ஒரசல. தப்பிச்ச."

பிறகு விசாரணை நடந்தது. சக்கரத் தகடுகளை வெளிச்சத்தில் பார்த்தார். ஓரம் கூர்மையாக இருந்தது, தூசி தின்றிருக்கவில்லை. வடிகட்டி சுத்தம். எண்ணெயைத் தொட்டு முகர்ந்தார், நல்ல எண்ணெய். அவர் முகம் குழம்பியது. டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பி இறங்கும் குழாயைக் கடைசியாகக் கழற்றி, உள்ளே ஸ்குரூடிரைவரால் சுரண்டினார். கறுப்பாகப் பொருக்குப் பொருக்காக வந்தது. அதை என் உள்ளங்கையில் கொட்டினார்.

"என்ன அது?"

"கரி" என்றேன்.

"எண்ணெய்யி மாப்ள. நீ ஊத்துன எண்ணெய்தான். அடுப்புல வச்சு மறந்த மாதிரி கருகிக் கெடக்கு. வண்டி ஏறி வர்ற சூட்டோட டக்குனு அணைச்சிருக்க."

அவர் சொன்னது இதுதான். ஏற்றத்தில் இழுத்து வந்த டர்போ அடுப்புப் போலச் சிவந்திருக்கும். அந்தச் சூட்டை எண்ணெய்தான் சுமந்துகொண்டு போகிறது. இஞ்சினை அணைத்தால் எண்ணெய் நின்றுவிடும். ஆனால் தண்டு நிற்காது, அது தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். நனைக்க ஒன்றும் இல்லாமல் இரும்பும் இரும்பும் தேயும். மிச்சமிருக்கும் எண்ணெய் அங்கேயே வெந்து கரியாகும். அடுத்த முறை வரும் எண்ணெய்க்கு அந்தக் கரி வழியை அடைக்கும். மூன்று நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு அணைத்தால் ஒன்றும் ஆகாது.

"நான் எங்க பாய் டக்குனு அணைக்கிறேன்? மேல மார்க்கெட்டுக்குப் போயி, ஓரங்கட்டி, கயித்த அவுக்குற வரைக்கும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்."

"வழியில?"

"வழியில எங்க..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

பெருமாள்மலைக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில் அம்மன் கோயில் இருக்கிறது. அலமாரி அளவுதான். கடைசிக் கடும் ஏற்றம் முடியும் இடம் அது. சுமையோடு ஏறி வரும் லாரிகள் அங்கே நிற்கும். வெறுமனே நிற்பது போதாது. இஞ்சினை அணைக்க வேண்டும். ஏறி வந்த வண்டி அவள் முன்னால் மூச்சுக் காட்டக் கூடாது என்பார்கள். வளைவைத் தொட்டவுடன் அணைப்பவன்தான் பக்தியுள்ள டிரைவர். பழைய லாரிகளில் டர்போ கிடையாது, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் நாளே முதலாளி எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு நடைகூட நான் தவறவிட்டதில்லை.

எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவு கிடையாது. ஆனால் அந்த அமைதி பிடிக்கும். ஒன்றரை மணி நேரம் காதுக்குள் இரைந்த இஞ்சின் சட்டென்று இல்லாமல் போகும். அந்த இடத்தில் இலையிலிருந்து சொட்டும் தண்ணீர், தூரத்தில் ஒரு பறவை, பிறகு அதுவும் இல்லை. மலை நம்மைப் பார்க்கத் தலையைத் திருப்பிய மாதிரி இருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே ஏறி வந்தோம் என்று தோன்றும்.

பாய் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "அம்மன் வளைவா?" என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஒங்க மொதலாளிகிட்ட நீயே சொல்லிரு மாப்ள. நான் சொன்னா, பாய் நம்ம சாமியக் கொற சொல்றான்னு ஆயிரும்."

"நான் சொன்னா, தப்பிக்கிறதுக்குச் சாமி மேல பழி போடுறான்னு ஆயிரும்."

"அதுவும் சரிதான்" என்றார். மாற்ற வேண்டிய உருப்படிகள் திண்டுக்கல்லில் இருந்து வர இரண்டு நாள் ஆகும், அதுவரை மெதுவாக ஓட்டினால் தாங்கும் என்றார். "ஆனா இது இப்பிடியே போனா, புதுசு போட்டாலும் அடுத்த வருசம் இங்கதான் நிப்ப."

மறுநாள் கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அரிசியும் பருப்பும் ஏற்ற வேண்டியிருந்தது. தள்ளிப்போட முடியாத சரக்கு. முதலாளியும் என்னோடு ஏறிக்கொண்டார். மலை ரோடு தொடங்கியதுமே அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சத்தம் வருதே."

"வருதுண்ணே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் பயமாக இருந்தது. அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். மேகம் இறங்கி வந்து கேபினுக்குள்ளும் ஏறியது. அவர் முகமே மங்கலாகத்தான் தெரிந்தது. இது நான் இந்த ரோட்டில் கடைசியாக ஏறும் நடை என்று ஒரு எண்ணம் வந்து, பிறகு பயம்கூட இல்லாமல், யாரோ ஒருவனைப் பற்றிய கதையைப் பார்க்கிற மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மன் வளைவு வந்தது. ஓரங்கட்டினேன். இஞ்சினை அணைக்கவில்லை. அது மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டு" என்றார்.

"அண்ணே, ஒரு மூணு நிமிசம் ஓடட்டும்."

"என்னத்துக்கு?"

சொன்னேன். சரியாகச் சொல்ல வரவில்லை. கரி, எண்ணெய், தண்டு என்று உளறினேன். அவர் கேட்கக் கேட்க அவர் கழுத்து விறைத்தது.

"ஓகோ. அப்ப டர்போவ நீ எரிக்கல. அம்மா தின்னுட்டா. அதானே?"

"அப்பிடிச் சொல்லலண்ணே."

"வேற எப்பிடி? இம்புட்டு வருசமா இந்த ரோட்டுல ஓடுற லொறி எல்லாம் நிக்கலியா? ஒனக்கு மட்டும் அம்மா காத்து ஆகாதோ?"

சொல்லிக்கொண்டே குறுக்கே கையை நீட்டி, இஞ்சினை நிறுத்தும் குமிழை அவரே இழுத்தார்.

இஞ்சின் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. அமைதி வந்தது. ஆனால் முழுசாக வரவில்லை. காலுக்குக் கீழே, இரும்புக்குள்ளே, ஈ என்று ஒரு சத்தம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் தேயாமல் இருந்ததால் அது காதில் விழுந்ததில்லை போலும். இப்போது தேய்ந்துபோனதால் கேட்டது. அந்த ஈ மெதுவாகத் தடித்து, கரகரவென்று உரசலாக மாறி, இரண்டு மூன்று முறை இழுத்துக்கொண்டு நின்றது. எண்ணெய் பொசுங்கும் வாசனை லேசாக மேலே வந்தது.

முதலாளியின் கை இன்னும் குமிழிலேயே இருந்தது.

"என்ன அது?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"டர்போதாண்ணே. இஞ்சின் நின்னுருச்சு. அது நிக்கல. எண்ணெய் இல்லாம சுத்துது."

"மொதல் டர்போவும் இப்பிடித்தானா?"

"இப்பிடித்தான் இருக்கும்ணே."

அவர் இறங்கினார். கோயிலுக்குப் போகாமல் கேபின் படியிலேயே உட்கார்ந்தார். நானும் இறங்கி நின்றேன். என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அங்க தோட்டத்துல நாங்க இருந்த லயத்து வீடுகளுக்குக் கீழ ஒரு மாரியம்மன் கோயில் இருந்துச்சு. எங்கள அனுப்பும்போது சாமான் சட்டியோட லொறியில ஏத்துனாங்க. எனக்குப் பதினோரு வயசு. கோயில் முன்னாடி வந்ததும் அந்த டிரைவர் அணைச்சுட்டான். யாரும் சொல்லல, அவனா அணைச்சான். அழுதுக்கிட்டு இருந்த சனமெல்லாம் கப்புனு ஆயிருச்சு. அம்மாவையே பாத்துக்கிட்டு இருந்தோம். அப்புறம் ரயில், கப்பல், மண்டபம் முகாம். ஒரே எரைச்சல். இந்த வளைவுல மொத மொதல்ல கூலியாளா லொறி மேல ஒக்காந்து வந்தப்ப, டிரைவர் அணைச்சான் பாரு. அப்பத்தான் எனக்குத் திரும்பவும் காது கேட்டுச்சு."

எனக்கும் அந்த அமைதி பிடிக்கும் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

"அத விடச் சொல்றியா?" என்றார்.

"விட வேணாம்ணே. கொஞ்சம் பிந்துனா போதும்."

"மூணு நிமிசம்னா எம்புட்டு நேரம்?"

என்னிடம் கைக்கடிகாரம் இல்லை. யோசித்தேன். "பெரிய கற்பூரமா ஒண்ணு கொளுத்துனா, அது எரிஞ்சு அணையிற வரைக்கும் இருக்கும்ணே."

அவர் எழுந்து போய்க் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பள்ளியில் சரக்கை இறக்கி, வெறும் வண்டியாகத் திரும்பி, வத்தலக்குண்டு வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. பாய் உருப்படிகளை மாற்றிய இரண்டு நாளும் அவர் பட்டறைப் பக்கம் வரவில்லை. நான் துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். பாய் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் வந்தார். பையைப் பார்த்தார். "உரம் ஏத்தணும், வா" என்றார். என்னோடு ஏறிக்கொண்டார்.

விசில் திரும்பவும் கோடு மாதிரி வந்தது. வெயில் அடித்தது, பள்ளத்தாக்கில் மேகம் நமக்குக் கீழே கிடந்தது. அம்மன் வளைவில் ஓரங்கட்டி, குமிழில் கையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் இறங்கினார். ஓடுகிற இஞ்சினுக்கு முன்னால் நடந்துபோய், சட்டைப் பையிலிருந்து ஒரு கற்பூரத்தை எடுத்து ஏற்றினார். பிறகு என் பக்கம் திரும்பி, பொறு என்று உள்ளங்கையைக் காட்டினார்.

எங்களுக்குப் பின்னால் இன்னொரு சுமை லாரி வந்து நின்றது. அதன் டிரைவர் வந்தவுடன் அணைத்துவிட்டு, தலையை வெளியே நீட்டினான்.

"யோவ், அம்மா முன்னாடி இப்பிடி உறுமிக்கிட்டு நிக்கிறிங்களே, அணைக்கத் தெரியாதா?"

"கற்பூரம் முடியட்டும்யா" என்று முதலாளி கத்தினார். "எங்க லொறி, எங்க அம்மா. ஒனக்கென்ன சோலி?"

"நல்லா இருக்கே நாயம்! பூசாரி மாத்திட்டானா வழக்கத்த?"

"நான் மாத்திட்டேன். ஒன் வண்டியிலயும் டர்போ இருந்தா நீயும் மாத்து. இல்லாட்டி வாய மூடிக் கும்பிடு."

கற்பூரம் சிறுத்தது. நீலமாகி, ஒரு பக்கம் சாய்ந்து, அணைந்தது. முதலாளி கையை இறக்கினார். நான் குமிழை இழுத்தேன்.

அவர் அங்கேயே நின்றிருந்தார், வழக்கத்தைவிட நீண்ட நேரம். பிறகு திரும்பி வந்து, கதவைச் சாத்தி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு மன்னவனூர்ல காரட்டு ஏத்தணும்" என்றார். "வெள்ளனே கெளம்பணும். அந்தப் பையில இருக்கிறத எல்லாம் எடுத்துப் பழைய எடத்துல வையி. வழியெல்லாம் காலுல இடிச்சுக்கிட்டே வருது."